இரண்டு மதகுகளும் அவற்றைத் திருப்பும் வேதித் தூதர்களும்: சிறுநீரக இரத்தக் குழாய்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் கற்பிக்கிறேன். சொந்த ஊர் சென்னிமலைப் பக்கம், கீழ்பவானி வாய்க்கால் பாயும் ஒரு சிற்றூர். இங்குள்ள கேள்விகளில் பாதி வகுப்பில் மாணவர்கள் கேட்டவை. மீதி, கல்யாணப் பந்தியிலும் வாய்க்கால் மேட்டிலும் உறவினர்கள் கேட்டவை. எங்கள் அய்யனுக்கு நேர்ந்த ஒன்றுக்குப் பிறகு, இவற்றை எழுதியே வைத்துவிட வேண்டும் என்று தோன்றியது. அது என்ன என்பது புரோஸ்டாகிளாண்டின் பற்றிய கேள்வியில் வருகிறது.

சிறுநீரகம் கைப்பிடி அளவுதானே? அதற்கு எதற்கு இவ்வளவு இரத்தம்?

இரண்டு சிறுநீரகங்களையும் சேர்த்து நிறுத்தால் ஏறத்தாழ 300 கிராம். உடல் எடையில் அரை விழுக்காடுகூடத் தேறாது. ஆனால் ஓய்வாக இருக்கும்போது இதயம் நிமிடத்துக்கு வெளியேற்றும் 5 லிட்டர் இரத்தத்தில் ஒரு லிட்டருக்கு மேல் அங்கேதான் போகிறது. அந்த உறுப்புக்கு உணவூட்ட இவ்வளவு தேவையில்லை. வடிகட்டுவதற்காகவே அது போகிறது. நிமிடத்துக்கு 125 மில்லிலிட்டர், ஒரு நாளைக்கு 180 லிட்டர் வடிகிறது. பதினைந்து லிட்டர் குடத்தில் பிடித்தால் பன்னிரண்டு குடம். அதில் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் மட்டும் சிறுநீராக வெளியேற, மற்றதெல்லாம் இரத்தத்துக்கே திரும்புகிறது.

வடிகட்டும் இடத்தில் இரத்தக் குழாய்கள் எப்படி அமைந்திருக்கின்றன?

எல்லாவற்றுக்கும் அடிப்படை இந்தக் கேள்விதான். இதைப் பிடித்துக்கொண்டால் பின்னால் வரும் மருந்துகளின் கதை முழுவதும் தானாகவே விளங்கும்.

உடலின் மற்ற இடங்களில் தமனி சிறுத்து நுண்தமனியாகி, தந்துகிகளாகப் பிரிந்து, சிரையாகச் சேரும். சிறுநீரகத்தில் மட்டும் தந்துகிப் பந்து ஒன்று இரண்டு நுண்தமனிகளுக்கு நடுவே மாட்டப்பட்டிருக்கிறது. அந்தப் பந்தின் பெயர் கிளாமருலஸ். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சராசரியாகப் பத்து லட்சம் இருக்கின்றன. உள்ளே வருவது உட்செல் நுண்தமனி, வெளியே போவது வெளிச்செல் நுண்தமனி. இரண்டின் சுவரிலும் தசை இருப்பதால் இரண்டும் சுருங்கும், விரியும்.

எங்கள் ஊரில் இதைச் சொல்ல எனக்கு ஓர் எளிய வழி இருக்கிறது. மண் வாய்க்காலின் கரையோரக் கிணறுகளில் நீர் ஊறுவது கசிவால்தான். மேலே ஒரு மதகு, கீழே ஒரு மதகு. இரண்டுக்கும் இடைப்பட்ட வாய்க்காலில் நீர்மட்டம் எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவு கசிவு. உட்செல் நுண்தமனி மேல்மதகு, வெளிச்செல் நுண்தமனி கீழ்மதகு. கிளாமருலஸ் என்பது அந்த இடைப்பட்ட வாய்க்கால். வடிநீர் என்பது அந்தக் கசிவு.

இனி மதகுகளைத் திருப்பிப் பாருங்கள். மேல்மதகைத் திறந்தால் வரத்தும் கூடும், மட்டமும் கூடும், கசிவும் கூடும். மேல்மதகை இறுக்கினால் மூன்றும் குறையும். கீழ்மதகை இறுக்கினால் நடப்பது வேறு: ஓட்டம் குறைகிறது, ஆனால் தேங்கி மட்டம் ஏறுகிறது; கசிவு குறையாமல் நிற்கிறது. கீழ்மதகைத் தளர்த்தினால் ஓட்டம் நன்றாக இருக்கும்போதே கசிவு குறைந்துவிடும். ஓட்டம் வேறு, கசிவு வேறு. என் மாணவர்கள் தேர்வில் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

மதகைத் திருப்பும் லஸ்கர் யார்? ஒருவர் அல்ல, பலர். நரம்பு முனைகளிலிருந்து நார்அட்ரினலின், குழாயின் உள்சுவர் செல்களிலிருந்து நைட்ரிக் ஆக்சைடும் எண்டோதீலினும், இரத்தத்தோடு வரும் ஆஞ்சியோடென்சின், இதயத்திலிருந்து வரும் ஒரு பெப்டைடு (சிறு புரதத் துண்டு), அங்கேயே சுரந்து அங்கேயே தீரும் புரோஸ்டாகிளாண்டின்கள், அடினோசின், பிராடிகைனின். இவர்களைத்தான் வேதித் தூதர்கள் என்கிறேன்.

எனக்கு இரத்த அழுத்தம் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. சிறுநீரகம் அதோடு சேர்ந்து ஆடிக்கொண்டே இருக்குமா?

இருக்காது. சராசரி தமனி அழுத்தம் ஏறத்தாழ 80 முதல் 180 மில்லிமீட்டர் பாதரசம் வரை எங்கே இருந்தாலும், வடியும் அளவு பெரிதாக மாறுவதில்லை. இதற்கு இரண்டு ஏற்பாடுகள் இருக்கின்றன.

முதலாவது, குழாயே செய்வது. உள்ளே அழுத்தம் ஏறி சுவர் இழுபடும்போது, சுவர்த் தசை எதிர்த்துச் சுருங்குகிறது. நரம்போ ஹார்மோனோ தேவையில்லை. ஆங்கில உடலியங்கியலாளர் வில்லியம் பேலிஸ் 1902-இல் இதை விவரித்தார். நொடிகளில் நடந்து முடிந்துவிடும்.

இரண்டாவதுதான் என்னை இன்றும் வியக்க வைப்பது. வடிந்த நீர் நெடிய நுண்குழல் ஒன்றில் இறங்கி, ஹென்லே வளைவில் திரும்பி, மேலேறி வருகிறது. அப்படி வரும் குழல் தான் புறப்பட்ட அதே கிளாமருலஸை வந்து தொடுகிறது. சரியாக இரண்டு நுண்தமனிகளுக்கும் நடுவே. கடைமடைத் தண்ணீர் திரும்பி வந்து தலைமதகிடம் கணக்குச் சொல்வது போல. பாசன முறையில் இப்படி ஓர் அமைப்பு இருந்திருந்தால் கடைமடை விவசாயிகள் பாதிப் போராட்டங்களை நடத்தவே தேவையிருந்திருக்காது.

அந்தத் தொடும் இடத்தில் இருக்கும் செல்களுக்கு மாகுலா டென்சா என்று பெயர். அவை அளப்பது உப்பு. வடிதல் கூடிவிட்டால் நீர் வேகமாக ஓடும். வழியில் உப்பை உறிஞ்ச நேரம் போதாது. மாகுலா டென்சாவுக்கு உப்பு அதிகமாக வந்து சேரும். உடனே அந்தச் செல்கள் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறை வெளியிடுகின்றன. அது உடைந்து அடினோசின் ஆகிறது. அடினோசின் மேல்மதகை இறுக்குகிறது. வடிதல் பழைய அளவுக்கு வருகிறது. உப்பு குறைவாக வந்தால் இதற்கு நேர்மாறு: இறுக்கம் தளர்கிறது, கூடவே புரோஸ்டாகிளாண்டின் இ2 சுரந்து, பக்கத்துச் செல்களைப் பார்த்து 'ரெனினை விடுங்கள்' என்கிறது.

அடினோசின் இதயத்தில் குழாயை விரிக்கிறது என்று படித்தோம். இங்கே சுருக்குகிறதே?

தூதர் ஒருவரே, கேட்கும் காது வேறு. இதயத்தின் குழாய்களில் ஏ2 வகை ஏற்பிகள் மிகுதி, அவை விரிக்கும். உட்செல் நுண்தமனியில் ஏ1 வகை, அது சுருக்கும். இதைச் சொல்லும்போது யாராவது காபியைப் பற்றிக் கேட்பார்கள். காபியில் உள்ள காஃபீன் அடினோசினின் ஏற்பிகளை அடைத்துக்கொள்கிறது. நுண்குழலில் உப்பு உறிஞ்சுதல் சற்றுக் குறைகிறது. அதனால்தான் பழக்கமில்லாதவர் குடித்தால் சிறுநீர் கூடுகிறது. நாள்தோறும் குடிப்பவருக்கு அந்த விளைவு மங்கிவிடும்.

ரெனின், ஆஞ்சியோடென்சின் என்பவை என்ன?

1898-இல் ஸ்டாக்ஹோமில் ராபர்ட் டிகர்ஸ்டெட்டும் அவருடைய மாணவர் பெர் பெர்க்மனும் முயலின் சிறுநீரகச் சாற்றை வேறு முயல்களுக்குச் செலுத்தினார்கள். இரத்த அழுத்தம் ஏறியது. அந்தப் பொருளுக்கு ரெனின் என்று பெயரிட்டார்கள். பிறகு பல ஆண்டுகள் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. 1934-இல் ஹாரி கோல்ட்பிளாட் நாயின் சிறுநீரகத் தமனியைக் கிடுக்கியால் நெருக்கி, நிலையான உயர் இரத்த அழுத்தத்தை உண்டாக்கிக் காட்டிய பிறகே உலகம் விழித்தது.

ரெனினைச் சேர்த்து வைத்திருப்பவை மேல்மதகின் சுவரிலேயே உள்ள செல்கள். மூன்று செய்திகளில் எது வந்தாலும் அவை ரெனினை விடும்: மதகடியில் அழுத்தம் குறைந்தது, மாகுலா டென்சாவுக்கு உப்பு குறைந்தது, பரிவு நரம்பு தூண்டியது. ரெனின் தானாகக் குழாயைச் சுருக்காது. கல்லீரல் அனுப்பும் ஒரு புரதத்தை வெட்டி ஆஞ்சியோடென்சின் 1 ஆக்குகிறது. பெரும்பாலும் நுரையீரல் குழாய்களில் உள்ள ஏசிஇ என்ற நொதி அதை மறுபடி வெட்டி ஆஞ்சியோடென்சின் 2 ஆக்குகிறது. குழாயை இறுக்குவது இந்த இரண்டாவது ஆள்.

அது எங்கே இறுக்குகிறது என்பதே இதில் முக்கியம். இரண்டு மதகுகளையும் அது தொடும், ஆனால் கீழ்மதகைத்தான் கூடுதலாக இறுக்கும். வயிற்றுப்போக்கிலோ இரத்தப்போக்கிலோ வரத்து குறைந்தபோது, கீழ்மதகை இறுக்கி மட்டத்தை நிறுத்தி, கசிவைக் காப்பாற்றுகிறது. கூடவே ஆல்டோஸ்டீரான் என்ற ஹார்மோனைச் சுரக்கச் செய்து உப்பைச் சேமிக்கிறது. ஆஞ்சியோடென்சினைக் கெட்டவன் என்றே பேசிப் பழகிவிட்டோம். நீர் வற்றும் நாளில் அதுதான் நம்மைக் காக்கிறது.

பிரஷர் மாத்திரை பாம்பு விஷத்திலிருந்து வந்தது என்கிறார்களே, உண்மையா?

உண்மையே. பிரேசிலின் ஜராராகா என்ற விரியன் விஷத்தில், குழாயை விரிக்கும் தூதரான பிராடிகைனினின் வேலையை நீடிக்கச் செய்யும் பெப்டைடுகளை 1965-இல் செர்ஜியோ ஃபெரேரா கண்டார். பிராடிகைனினைச் சிதைப்பதும் ஏசிஇ நொதிதான்; அந்தப் பெப்டைடுகள் அதைத் தடுப்பவை என்று பிறகு தெரிந்தது. அந்தத் தடயத்தைப் பின்பற்றி டேவிட் குஷ்மனும் மிகுவல் ஒண்டெட்டியும் உருவாக்கிய கேப்டோப்ரில் 1981-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. எனாலப்ரில், ராமிப்ரில் எல்லாம் அதன் வழித்தோன்றல்கள். இந்த மாத்திரைகளால் சிலருக்கு வறட்டு இருமல் வருவதும் பிராடிகைனின் மிகுவதோடு தொடர்புடையது. டெல்மிசார்டான், லோசார்டான் வகையினர் வேறு வாசலில் நிற்கிறார்கள். ஆஞ்சியோடென்சின் 2 உட்காரும் ஏற்பியை அடைக்கிறார்கள். அதனால் அந்த இருமல் அரிது.

எண்டோதீலினின் கதையிலும் பாம்பு வருகிறது. 1988-இல் ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழகத்தில் யானகிசாவா, மசாகி குழுவினர் கண்டறிந்த எண்டோதீலின் 21 அமினோ அமிலங்கள் கொண்டது. அறியப்பட்டவற்றில் மிகக் கடுமையாகக் குழாயைச் சுருக்குபவற்றுள் ஒன்று. மண்ணுக்குள் வாழும் ஒரு பாம்பின் விஷத்தில் உள்ள சாராஃபோடாக்சின் என்ற பொருள் ஏறத்தாழ அதே அமைப்பைக் கொண்டிருக்கிறது.

நம் காட்டுமேட்டில் உள்ள கண்ணாடி விரியன் கடித்தாலும் சிறுநீரகம் பழுதாகும். இரத்த உறைவு குலைவது, அழுத்தம் விழுவது, நுண்குழல்கள் நேரடியாகச் சிதைவது என்று அங்கே காரணங்கள் பல. கட்டுப்போட்டுக் காலம் கடத்தாமல் நேராக அரசு மருத்துவமனைக்குப் போய் விஷமுறிவு மருந்து ஏற்றிக்கொள்வதே வழி.

புரோஸ்டாகிளாண்டின் பற்றி மட்டும் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறீர்கள்?

ஏனென்றால் நாம் வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகள் நிறுத்துவது அதைத்தான்.

புரோஸ்டாகிளாண்டின் இ2, ஐ2 இரண்டும் மேல்மதகைத் திறந்து பிடிப்பவை. நல்ல நாளில் இவற்றுக்குப் பெரிய வேலை இல்லை. நீர் நிறைந்த உடலோடு இளைஞர் ஒருவர் இரண்டு நாள் டைக்ளோஃபெனாக் சாப்பிட்டால் அவருடைய சிறுநீரகத்தில் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. 'நான் எத்தனையோ முறை போட்டிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லையே' என்று உறவினர்கள் சொல்வது பொய்யில்லை. அவர்கள் போட்ட நாட்கள் நல்ல நாட்கள்.

கெட்ட நாள் வேறு. உடலில் நீர் குறைந்தால் நார்அட்ரினலின், ஆஞ்சியோடென்சின், வாசோபிரசின் எல்லாம் ஒரே நேரத்தில் உடல் முழுவதும் குழாய்களை இறுக்குகின்றன. மூளைக்கும் இதயத்துக்கும் இரத்தம் போக வேண்டும் என்பதற்காக. அந்த இறுக்கம் சிறுநீரகத்தின் மேல்மதகையும் மூடப் பார்க்கும். அப்போது புரோஸ்டாகிளாண்டின்தான் உள்ளிருந்து மதகைத் தாங்கிப் பிடிக்கிறது. சிறுநீரகத்தின் உட்பகுதியான மெடுல்லாவுக்கு இது உயிர்நாடி. அங்கே போவது மொத்தச் சிறுநீரக இரத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆக்சிஜன் அழுத்தமோ 10 முதல் 20 மில்லிமீட்டர்தான். சாதாரண நாளிலேயே மூச்சுத் திணறும் இடம். தாங்கும் கையைத் தட்டிவிட்டால் முதலில் சாவது அங்கே உப்பை உறிஞ்சிக்கொண்டிருக்கும் செல்கள்.

ஆஸ்பிரினும் அதன் கூட்டாளிகளும் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுத்தே வேலை செய்கின்றன என்று 1971-இல் ஜான் வேன் காட்டினார். 1982-இல் அவரும் பெர்க்ஸ்ட்ராமும் சாமுவேல்சனும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அதாவது இது புதிய செய்தி அல்ல. அரை நூற்றாண்டாகத் தெரிந்தது. ஆனாலும் எங்கள் வீட்டுக்கு வந்து சேரவில்லை.

அய்யனுக்கு 71 வயது. முழங்கால் வலி உண்டு. இரத்த அழுத்தத்துக்கு ராமிப்ரில் ஒன்று, சிறுநீர் பிரிக்கும் மாத்திரை ஒன்று. மாசி கடைசியில் மஞ்சள் வெட்டி, கொப்பரையில் வேகவைத்துக் காயப்போடும் வேலை. வெயிலும் அடுப்புச் சூடும் சேர்ந்து அடித்தன. கால்வலிக்கு மருந்துக்கடை ஒன்றில் கேட்டபோது, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்காமலே பத்து வலி மாத்திரைகள் கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் வயிற்றுப்போக்கு. அன்றும் மறுநாளும் சோறு இறங்கவில்லை, மாத்திரைகள் மட்டும் மூன்றும் தவறாமல் இறங்கின. மூன்றாம் நாள் சிறுநீர் அநேகமாக இல்லை. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் இரத்தத்தில் 3.8-க்கு ஏறியிருந்தது.

மதகுகளை நினைத்துப் பாருங்கள். வரத்தே குறைவு. வலி மாத்திரையால் மேல்மதகைத் தாங்க ஆள் இல்லை. ராமிப்ரிலால் கீழ்மதகை இறுக்கவும் ஆள் இல்லை. சிறுநீர் பிரிக்கும் மாத்திரை மிச்ச நீரையும் வெளியேற்றிக்கொண்டிருந்தது. மூன்று மாத்திரைகளும் தனித்தனியே நல்ல மருந்துகள்தான். சேர்ந்தபோது இடைப்பட்ட வாய்க்கால் வறண்டது. இதை நான் ஆண்டுதோறும் கரும்பலகையில் படம் போட்டு நடத்துகிறேன். அய்யனிடம் ஒரு முறை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

அப்படியானால் வலி மாத்திரையே கூடாதா? ஊசி போட்டால் பரவாயில்லையா?

ஊசியும் இரத்தத்துக்கே போகிறது; சிறுநீரகத்துக்கு வேறுபாடு தெரியாது. எடோரிகாக்சிப் போன்ற, வயிற்றைப் புண்ணாக்காதவை என்று தரப்படும் மாத்திரைகளும் இதில் பாதுகாப்பானவை அல்ல. அவை தடுக்கும் காக்ஸ்-2, புரோஸ்டாகிளாண்டினை உருவாக்கும் நொதி; அது சிறுநீரகத்தில் எப்போதுமே வேலையில் இருப்பது. மேலே தேய்க்கும் ஜெல்லிலிருந்து இரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. பாரசிட்டமால் சரியான அளவில் சிறுநீரகத்துக்குப் பெரும்பாலும் தொல்லையில்லாதது. அளவு மிஞ்சினால் கல்லீரலைக் கெடுக்கும். ஆனால் அட்டையின் பின்புறத்தைப் படித்துப் பாருங்கள்: பாரசிட்டமாலோடு அசிக்ளோஃபெனாக் சேர்ந்த மாத்திரைகள் நம் ஊர்க் கடைகளில் மிகுதி.

முற்றிலும் கூடாது என்று நான் சொல்லவில்லை. அறுபதைத் தாண்டியவர், சர்க்கரை நோயாளி, இதயம் தளர்ந்தவர், கல்லீரல் சுருங்கியவர், ஏற்கெனவே கிரியாட்டினின் உயர்ந்தவர், பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் ஒரு மாத்திரைகூட வாங்கக் கூடாது என்கிறேன். அதுவும் வாந்தி, பேதி, காய்ச்சல் நாட்களில் யாராக இருந்தாலும் கூடாது.

ராமிப்ரில் தொடங்கிய பிறகு கிரியாட்டினின் ஏறிவிட்டது. நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். இந்த மாத்திரை கீழ்மதகைத் தளர்த்துவதால் கிளாமருலஸுக்குள் அழுத்தம் இறங்குகிறது; அதனால் கிரியாட்டினின் சற்று ஏறுவது எதிர்பார்த்ததே. முன்பிருந்ததைவிட 30 விழுக்காடு வரை ஏறி அங்கேயே நின்றால் பொதுவாக மருந்தைத் தொடர்வார்கள். இன்று இறங்கும் அந்த அழுத்தம்தான் பல ஆண்டுகளுக்கு வடிகட்டியைக் காக்கிறது. அதற்கு மேல் ஏறினால் மருத்துவர் சிறுநீரகத் தமனிகள் இரண்டும் சுருங்கியிருக்கின்றனவா என்று பார்ப்பார். அப்படி இருந்தால் கீழ்மதகின் இறுக்கத்தை நம்பியே அந்தச் சிறுநீரகம் வேலை செய்கிறது என்று பொருள். கருவுற்ற பெண்களுக்கு இந்த வகை மருந்துகள் அறவே ஆகாது.

பேதியும் வாந்தியுமாக இருக்கும் நாட்களில் இவற்றைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டுமா, எப்போது மறுபடி தொடங்க வேண்டும் என்பதை உடல் நன்றாக இருக்கும்போதே மருத்துவரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பொள்ளாச்சி இளநீர் சிறுநீரகத்துக்கு நல்லதுதானே?

ஆரோக்கியமானவருக்கு வெயில் நாளில் அருமையான பானம். ஆனால் இளநீரில் பொட்டாசியம் மிகுதி. ஆஞ்சியோடென்சினைத் தடுக்கும் மாத்திரைகளால் ஆல்டோஸ்டீரான் குறைகிறது. பொட்டாசியத்தை வெளியே தள்ளுவது ஆல்டோஸ்டீரான்தான். சிறுநீரகமும் தளர்ந்து, இந்த மாத்திரையும் இருந்து, நாளுக்கு மூன்று இளநீரும் குடித்தால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பையே குலைக்கலாம். வாழைத்தண்டுச் சாற்றுக்கும் இதே எச்சரிக்கை. சிறுநீர் தாராளமாகப் போனால் சிறுநீரகம் சுத்தமாகிவிட்டது என்று பலர் நம்புகிறார்கள். அடுத்த கேள்வியின் பதில் அதற்கும் சேர்த்துத்தான்.

டோபமின் ஏற்றினால் சிறுநீரகம் பிழைக்கும் என்று ஒரு காலத்தில் செய்தார்களே?

செய்தார்கள், நானும் பயிற்சிக் காலத்தில் பார்த்திருக்கிறேன். குறைந்த அளவு டோபமின் சிறுநீரகக் குழாய்களை விரிக்கும், சிறுநீர் கூடும். அதைப் பார்த்து உலகெங்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பல ஆண்டுகள் ஏற்றினார்கள். 2000-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மருத்துவமனைகளில் 328 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு வந்தது: டோபமின் பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் சிறுநீரகச் செயலிழப்பில் வேறுபாடு இல்லை. ஒரு தூதரை மட்டும் வெளியிலிருந்து ஊற்றினால் மற்றவர்கள் எல்லோரும் ஒதுங்கிக்கொள்ள மாட்டார்கள்.

நைட்ரிக் ஆக்சைடு என்பது புகையில் இருக்கும் வாயு அல்லவா?

அதே வாயுதான். குழாயின் உள்சுவர் செல்கள் அதைக் கணந்தோறும் மிகச் சிறிய அளவில் உண்டாக்குகின்றன. அது தசைக்குள் பரவிக் குழாயைத் தளர்த்தி, சில நொடிகளில் மறைந்துவிடும். 1980-இல் ராபர்ட் ஃபர்ச்காட் உள்சுவரை உரித்த குழாய் அசிடைல்கோலினுக்கு விரியாததைக் கவனித்ததில் தொடங்கிய தேடல் இது. 1998-இல் அவருக்கும் இக்னாரோ, முராத் இருவருக்கும் நோபல் கிடைத்தது. சர்க்கரை நோயும் பீடி, சிகரெட்டும் இந்த உள்சுவரைக் கெடுக்கின்றன. நைட்ரிக் ஆக்சைடு குறைந்து எண்டோதீலினின் கை ஓங்குகிறது.

இதயம் சிறுநீரகத்தோடு பேசுமா?

பேசும். இதயத்தின் மேலறைகள் நீர் மிகுந்து விரியும்போது ஒரு பெப்டைடைச் சுரக்கின்றன. 1981-இல் அடோல்ஃபோ டி போல்ட் எலியின் மேலறைச் சாற்றைச் செலுத்தி, உப்பும் சிறுநீரும் பெருகுவதைக் காட்டினார். இந்தப் பெப்டைடு மேல்மதகைத் திறந்து, கீழ்மதகை இறுக்குகிறது; ரெனினையும் அடக்குகிறது.

சர்க்கரை நோயில் சிறுநீரகம் தொடக்கத்தில் அதிகமாக வேலை செய்கிறது என்கிறார்கள். அது நல்லதா?

நல்லதல்ல. வடிநீரில் சர்க்கரை மிகுந்தால் நுண்குழலின் தொடக்கப் பகுதி சர்க்கரையோடு உப்பையும் சேர்த்து அளவுக்கு மேல் உறிஞ்சிவிடுகிறது. மாகுலா டென்சாவுக்கு வரும் உப்பு குறைகிறது. 'வடிதல் போதவில்லை போலிருக்கிறது' என்று அது தவறாகப் புரிந்துகொண்டு மேல்மதகைத் திறந்துவிடுகிறது. கிளாமருலஸ் ஆண்டுக்கணக்கில் உயர்ந்த அழுத்தத்தில் தேய்ந்து, சிறுநீரில் புரதம் ஒழுகத் தொடங்குகிறது. டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் ஆகிய மருந்துகள் அந்த உறிஞ்சலைத் தடுக்கின்றன. உப்பு மறுபடி கடைமடைக்கு வந்து சேருகிறது, கணக்கு நேராகிறது, மேல்மதகு அளவோடு மூடுகிறது. கடைமடையின் கணக்கைத் திருத்தித் தலைமதகைத் திருத்தும் இந்த மருந்தை வகுப்பில் நடத்தும் நாள் எனக்கு மிகவும் பிடித்த நாள்.

வெயிலில் வேலை செய்பவர்கள் என்ன செய்ய வேண்டும்?

கரும்பு வெட்டுபவர், மஞ்சள் வேகவைப்பவர், வெல்லம் காய்ச்சுபவர், சாயப்பட்டறையில் நிற்பவர், விசைத்தறிக் கொட்டகையில் தகரக் கூரைக்குக் கீழே இரவுபகல் ஓட்டுபவர் ஆகிய எல்லோருக்கும் மேலே சொன்ன இறுக்கும் தூதர்கள் நாள்தோறும் வேலை செய்கிறார்கள். தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் குடியுங்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கட்டும். வியர்வையில் உப்பும் போவதால் உப்பிட்ட மோரோ நீராகாரமோ வெறும் தண்ணீரைவிடத் தேவலை. இதயமோ சிறுநீரகமோ தளர்ந்து, தண்ணீர் அளவு சொல்லப்பட்டவர்கள் மட்டும் அந்த அளவையே பின்பற்ற வேண்டும். திருப்பூர் பக்கம் பெண் தொழிலாளர்கள் பலர் கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று தண்ணீரே குடிப்பதில்லை என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். இதற்கு மருந்து மருத்துவரிடம் இல்லை. கழிப்பறை கட்ட வேண்டியவர்களிடம் இருக்கிறது. உடல்வலிக்கு வேலை முடிந்ததும் ஒரு வலி மாத்திரை என்ற பழக்கம் இவர்களிடையே பரவியிருப்பதுதான் என்னை மிகவும் கலங்க வைக்கிறது.

பாறு கழுகுகள் செத்ததும் இதே மருந்தால்தானா?

ஆம், டைக்ளோஃபெனாக்கால். மாட்டுக்கு வலிக்காகப் போட்ட மருந்து, அது இறந்த பின் சடலத்தைத் தின்ற கழுகின் உடலுக்குள் போனது. சிறுநீரகம் செயலிழந்து, யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளின் மேல் சுண்ணாம்பு பூசியது போல் படிந்து இறந்தன. 2004-இல் இந்தக் காரணம் வெளியானது. 2006-இல் கால்நடை டைக்ளோஃபெனாக் உற்பத்திக்கு இந்தியா தடை விதித்தது. 2015-இல், மாடுகளுக்குத் திருப்பிவிடாதபடி, மனிதர்க்கான டைக்ளோஃபெனாக் ஊசிமருந்துக் குப்பியின் அளவையும் 3 மில்லிலிட்டராகக் குறைத்தது. தமிழ்நாட்டில் எஞ்சிய பாறு கழுகுகள் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் கூடு கட்டுகின்றன. அந்த மாயாறு பவானிசாகரில் சேர்ந்து எங்கள் வாய்க்காலுக்கு வருகிறது.

இப்படிப் பழுதான சிறுநீரகம் மீளுமா?

குழாய் இறுகியதால் வந்த பழுதுதான் என்றால், செல்கள் பெருமளவு சாவதற்கு முன் பிடித்துவிட்டால், பெரும்பாலும் மீளும். அய்யனுக்கு வலி மாத்திரையை நிறுத்தி, மற்ற இரண்டையும் தற்காலிகமாக நிறுத்தி, சிரைவழி உப்புநீர் ஏற்றினார்கள். இரண்டாம் நாள் சிறுநீர் வந்தது. டயாலிசிஸ் தேவைப்படவில்லை. ஆறு வாரத்தில் கிரியாட்டினின் 1.4-க்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது. முன்பு அது 1.1. ராமிப்ரிலை மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். முழங்காலுக்குப் பயிற்சியும், வலி மிகுந்தால் ஜெல்லும், எப்போதாவது ஒரு பாரசிட்டமாலும். மருந்துச்சீட்டின் பின்பக்கத்தில் அவரே தன் கையெழுத்தில் எழுதி, சட்டைப் பையில் வைத்திருக்கிறார்: 'பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். கிட்னி ஒரு முறை பழுதாகி இருக்கிறது. வலி மாத்திரை கொடுக்க வேண்டாம்.'